பேட்லி கார்ஜ் ஓக் காடு: நவம்பரில் பெற்றோரோடு போகலாமா?

கேள்வி:
ஷெஃபீல்டில் இருக்கிறோம், கார் கிடையாது. கும்பகோணத்திலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். அம்மாவுக்குச் சிவப்பு இலை மரங்களைப் பார்த்தே ஆகவேண்டுமாம். முட்டிவலி வேறு. பக்கத்தில் இருக்கும் பேட்லி கார்ஜ் பள்ளத்தாக்கின் ஓக் காட்டுக்குப் போக நவம்பர் முதல் வாரம் சரிப்படுமா?

பதில் 1:
முதலில் ஒன்று, அங்கே சிவப்பு கிடைக்காது. அது மேப்பிள் சமாச்சாரம். ஓக் இலை மஞ்சளாகி, செம்புப் பாத்திரம் கறுத்த மாதிரி பழுப்பாகும், அவ்வளவுதான். ஆனால் பர்ச் மரங்கள் உதிர்த்த பிறகும் ஓக்கில் இலை நிற்கும், அதனால் நவம்பர் முதல் வாரம் நல்ல நேரம்தான்.

ரயிலில் கிரிண்டில்ஃபோர்டில் இறங்குங்கள். எல்லா ரயிலும் நிற்காது, பார்த்து ஏறவும். 1893இல் திறந்த டாட்லி சுரங்கத்துக்குள் ஐந்தரை கிலோமீட்டருக்கு மேல் இருட்டு. வெளியே வந்ததும் ஸ்டேஷன். அங்கிருந்து பர்பேஜ் ஓடையை ஒட்டி ஏற்றம். பாறை, வேர், மரம் எல்லாவற்றிலும் பாசி. நான் வருடாவருடம் போவது இலைக்காக இல்லை, மழைக்கு மறுநாள் அந்தப் பாசி காட்டும் பச்சைக்காக.

கீழே கிடக்கும் ஓக் கொட்டையை எடுத்துப் பாருங்கள். இந்தக் காட்டு ஓக்கில் கொட்டைக்குக் காம்பே இருக்காது, கிளையோடு ஒட்டியே காய்க்கும். சமவெளியில் நாம் பார்க்கும் ஓக்கில் நீளக் காம்பு உண்டு.

அப்புறம், இங்கே அக்டோபர் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிடுவதால் நாலரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பள்ளத்தாக்குக்குள் அதற்கு முன்பே இருட்டும். காலையிலேயே கிளம்புங்கள்.

பதில் 2:
முட்டிவலிக்காரரை அந்த ஏற்றத்தில் கூட்டிப் போகாதீர்கள். ஈர இலைக்கு அடியில் வேர் இருப்பது தெரியாது, போன வருடம் நானே உட்கார்ந்த வாக்கில் சறுக்கினேன். பஸ்ஸில் ஃபாக்ஸ் ஹவுஸ் நிறுத்தத்துக்கு வந்து லாங்ஷா எஸ்டேட் பக்கம் நடந்தால், மேலே ஓடையோரம் ஓரளவு சமதளம். அம்மா அங்கே உட்காரட்டும்.

கேள்வி கேட்டவர்:
நேற்று போய்வந்தோம், நன்றி. அம்மா மேலே பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்துவிட்டார். நானும் அப்பாவும் கீழே காட்டுக்குள் இறங்கினோம். விழுந்து கிடந்த மரக்கட்டைகளில் யார் யாரோ அடித்துச் சொருகிய நாணயங்கள், மீன் செதில் மாதிரி. திரும்பி வந்து அம்மாவிடம் போட்டோவைக் காட்டினேன். "பக்கத்துல ஒரு உண்டியல் வெச்சிருந்தா மரம் தப்பிச்சிருக்கும்" என்றார்.