பதில்: தரவரிசையில் ‘கிரெடிபிலிட்டி’க்கு என்ன சொல்?

அண்ணாச்சி,

தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பவர் அதை ஒப்புக்கொள்வதைச் சொல்லும் ‘கிரெடிபிலிட்டி’க்கு ‘நம்பகத்தன்மை’ என்றே போட்டுவிடலாம் என்று எழுதியிருந்தீர்கள். செய்தித்தாளுக்குச் சரி. கணினி போடும் குத்துச்சண்டைத் தரவரிசை பற்றிய கட்டுரைக்கு ஆகாது. புள்ளியியலில் அந்தச் சொல் எப்போதோ ‘ரிலையபிலிட்டி’க்குப் போய்விட்டது. திரும்ப அளந்தாலும் அதே விடை வருகிறதா என்பது அது. கணினிக்கு அதில் குறையே இல்லை. பட்டியலைப் பார்த்தவர் ‘இதென்ன கூத்து’ என்கிறாரா என்பதுதான் நம் சிக்கல். மார்த்தாண்டம் தம்பி சொன்ன ‘ஏற்புடைமை’யை பி.எட். புத்தகங்கள் ‘வேலிடிட்டி’க்கு, அதாவது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்பதற்கு, எடுத்துக்கொண்டன.

எங்கே இடிக்கிறது என்று பாருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பின்னும் வென்றவருக்குப் புள்ளி கூட்டி, தோற்றவருக்குக் குறைக்கும் ஏலோ முறையில் 1800 புள்ளிக்காரரும் 1600 புள்ளிக்காரரும் மோதுகிறார்கள். முன்னவர் வெல்ல வாய்ப்பு ஏறத்தாழ 76 சதவீதம். ஆனால் ஜெயித்தது 1600. ஒரு ஆட்டத்துக்கு அதிகபட்சம் 32 புள்ளி மாறலாம் என்று வைத்திருந்தால் 24 கைமாறும். இப்போது 1776, 1624. தோற்றவர் இன்னும் 152 புள்ளி மேலே! நம் பக்கத்து அடிமுறை என்ற தற்காப்புக் கலை ஆசான் ஒருவரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள், என்ன கிடைக்கும் என்று தெரியும். சதுரங்கத்தில் அடுத்தடுத்து ஆட்டம் இருப்பதால் புள்ளி தானாகச் சரியாகிவிடும். பெரிய குத்துச்சண்டை வீரரோ வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் மேடை ஏறுகிறார். அதுவரை கணினிதான் திட்டு வாங்கும்.

கணினி பக்கமும் நியாயம் உண்டு. 2012 ஜூனில் குத்துச்சண்டை வீரர் பாக்கியாவோவை பிராட்லி வென்றதாக அறிவித்தார்கள். இரண்டு நடுவர்கள் 115-113 என்று பிராட்லிக்கு, ஒருவர் அதே கணக்கில் பாக்கியாவோவுக்கு. கூச்சல் எழுந்ததும் டபிள்யூ.பி.ஓ. என்ற உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐந்து நடுவர்களை வைத்து மறுபடி பார்க்கச் சொன்னது. ஐவரும் பாக்கியாவோ என்றார்கள். முடிவு மட்டும் மாறவில்லை. 2014-லும் 2016-லும் பாக்கியாவோவே வென்றார். அன்று பிராட்லியைக் கீழேயே வைத்த கணக்கு, பின்னால் நடந்ததைச் சரியாகச் சொன்ன கணக்கு.

ஆக இரண்டு விஷயம். ஒன்று, இனி நடப்பதைச் சரியாகச் சொல்லும் ‘கணிப்புத் துல்லியம்’, அதில் தகராறு இல்லை. மற்றது, பட்டியலைப் பார்த்தவர் ஒப்புக்கொள்வது. அதற்கு ‘ஏற்பு’ போதும் என்கிறேன். நம்பகம் பட்டியலுக்குள் இருக்கும் குணம்போல ஒலிக்கிறது. ஏற்பு பார்க்கிறவரிடம் இருப்பது. வென்றவருக்கு மேலே தோற்றவர் நிற்கும் ஜோடிக்கு ‘தலைகீழ் இணை’. அதை எண்ணிவிடலாம் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

நாகர்கோவிலிலிருந்து

---

அண்ணே, ‘ஏற்பு’ சரிதான். குளச்சலில் காற்று எச்சரிக்கைக்குப் போட்டுப் பார்த்தேன். துல்லியம் எவ்வளவு இருந்தாலும், வள்ளம் இறக்குகிறவர் ஏற்காவிட்டால் அது காகிதத்தோடு சரி. பொருந்துகிறது. ஆனால் ஒரு சந்தேகம்: தலைகீழ் இணையே இல்லாமல் பட்டியல் போட்டால் முழு ஏற்பு வந்துவிடுமா?

---

தம்பி, அப்படிப் போடவே முடியாத இடம் உண்டு. 1971-இல் முகமது அலியை ஃப்ரேசியர் வென்றார். 1973-இல் ஃப்ரேசியரை ஃபோர்மன் வென்றார். 1974-இல் ஃபோர்மனை அலி வென்றார். இந்த மூன்று சண்டைகளை மட்டும் வைத்துக்கொண்டு மூவரையும் எப்படி அடுக்கினாலும் ஒரு இணையாவது தலைகீழாக நிற்கும். அதனால் தவறிய கணிப்புக்கு ஒரு தண்டப்புள்ளி, தலைகீழ் இணைக்கு ஒரு தண்டப்புள்ளி, இரண்டின் கூட்டுத்தொகை எதில் குறைவோ அந்தப் பட்டியல் என்று வைக்கலாம். பழைய சண்டைக்குத் தண்டம் குறைய வேண்டும். பத்து வருஷத்துக்கு முந்தைய தோல்விக்காக இன்று யாரும் கொதிப்பதில்லை. எந்தத் தண்டத்துக்கு எவ்வளவு எடை என்பதைக் கணக்கு சொல்லாது, பட்டியல் போடுகிறவர்தான் சொல்ல வேண்டும். அந்த எடையை ‘ஏற்பு எடை’ என்று எழுதியிருக்கிறேன். தக்கலை அண்ணாச்சிக்கு ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லட்டும், அப்புறம் அகராதிக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.