டாட் காவிரி கேட்டு யாராவது வந்தால் தடுக்கும் உரிமை யாருக்கு?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்):
டாட் காம், டாட் ஆர்க் மாதிரி இணைய முகவரியின் கடைசியில் வரும் புது டொமைன் பெயர்களுக்கு, அவற்றை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2026-இல் மறுபடி விண்ணப்பம் வாங்குகிறது. கட்டணம் 2,27,000 டாலர். தலைநகரம், மாநிலம் ஆகியவற்றின் பெயரைக் கேட்டால் அந்தந்த அரசின் ஒப்புதல் கடிதம் வேண்டும். ஆற்றின் பெயருக்கு அது தேவையில்லை. நாளைக்கே ஒரு கம்பெனி 'டாட் காவிரி' கேட்டால் நம்மிடம் இருப்பது சமூக ஆட்சேபம் என்ற ஒரே வழிதான். அதற்கும் 2012 சுற்றில் நான்கு சோதனை வைத்தார்கள்: சமூகம் இன்னாரென்று தெளிவாக இருக்க வேண்டும், அதற்குள் கணிசமான எதிர்ப்பு இருக்க வேண்டும், பெயருக்கும் சமூகத்துக்கும் வலுவான தொடர்பு இருக்க வேண்டும், பெயரைக் கொடுத்தால் கேடு வரும் என்று காட்ட வேண்டும்.
என் கட்சி இதுதான்: பதிவு பெற்ற எந்தப் பாசனச் சங்கமும் கட்டணமில்லாமல் ஆட்சேபிக்கலாம் என்று விதி வர வேண்டும். நாலாவது சோதனையைத் தூக்கிவிட வேண்டும். இன்னும் நடக்காத கேட்டுக்கு நான் எங்கே போய்ச் சாட்சி கொண்டுவருவது?

ரூட்சர்வர் ராசா:
அண்ணே, எந்தச் சங்கமும் என்றால் கர்நாடகத்து மண்டியா சங்கமும் சேர்த்திதானே? நம் தஞ்சாவூர் ஆட்களே கூடி டாட் காவிரி கேட்டாலும் அங்கிருந்து ஒரு கடிதம் போதும், கதை முடிந்தது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் நதி தேசத்தின் சொத்து, எந்த மாநிலமும் தனக்கே என்று உரிமை கொண்டாட முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாம்தான் ஓயாமல் எடுத்துக்காட்டுகிறோம். தண்ணீருக்கு அது நியாயம், பெயருக்கு மட்டும் இல்லையா? அப்புறம், திருச்சி முதல் பூம்புகார் வரை காவிரி லாட்ஜ், காவிரி மெடிக்கல்ஸ். யார் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

வெண்ணாற்றங்கரை:
லாட்ஜ் வேறு தம்பி. அடுத்த தெருவிலேயே இன்னொரு காவிரி லாட்ஜ் திறக்கலாம். டாட் காவிரி உலகத்துக்கே ஒன்றுதான். அதன் கீழ் யாருக்கு விலாசம், என்ன விலை என்பதெல்லாம் ஒருவர் கையில்.
மண்டியாக்காரர்களும் ஆட்சேபிக்கட்டும், எனக்கென்ன? சங்கம் என்றால் இளக்காரம் வேண்டாம். 1983-இல் உச்ச நீதிமன்றப் படியேறியது நம் டெல்டா விவசாயிகள் சங்கம். 1990-இல் நடுவர் மன்றம் வந்தது அந்த வழக்கில்தான்.

கடைமடை காரைக்கால்:
அந்த வழக்கில் தமிழ்நாடு அரசு சங்கத்துக்குத் துணையாக நின்றது. அதையும் சொல்லுங்கள்.

அரசலாறு அக்கா (கும்பகோணம்):
காரைக்கால் தம்பி சரியான இடத்தில் கை வைத்தார். ஆற்றுப் பெயர் வழக்கு ஏற்கெனவே ஒன்று நடந்திருக்கிறது. 2012 சுற்றில் அமேசான் கம்பெனி டாட் அமேசான் கேட்டது. பொதுநலன் கருதி ஆட்சேபிக்க ஐகானே அமர்த்தியிருந்த சுயேச்சை ஆட்சேபகர், பிரெஞ்சு சட்டப் பேராசிரியர் அலைன் பெல்லே, சமூக ஆட்சேபம் போட்டார். 2014 ஜனவரியில் அது தள்ளுபடி. ஆனால் பிரேசிலும் பெருவும் ஐகானில் உள்ள அரசுகளின் ஆலோசனைக் குழு வழியாகப் பிடித்த பிடியில் அதே ஆண்டு மே மாதம் ஐகான் விண்ணப்பத்தை நிறுத்தியது. கம்பெனி மறுஆய்வுக்குப் போய் 2017-இல் ஜெயித்தது. 2019-இல் ஐகான் பச்சைக்கொடி காட்டிவிட்டது.
சமூகம் என்று போன வழி முதலிலேயே அடைபட்டது. கொஞ்ச காலமாவது தாக்குப்பிடித்தது அரசுகள் போன வழி. நம் ஆற்றுக்கு எந்த அரசு பேசும்? பெங்களூரா, சென்னையா, டெல்லியா? மூன்றும் ஒரே குரலில் பேசும் நாளில் மேட்டூர் அணை தானாகவே திறந்துகொள்ளும்.
2012 சுற்றில் சமூக ஆட்சேபம் கேட்ட இடமும் பாரிஸில் உள்ள பன்னாட்டு வணிகச் சபை. மனுவுக்கு 5,000 யூரோ, நிபுணர் செலவுக்கு முன்பணம் தனி. தோற்றவர் தலையில் செலவு விடிந்தது. குறுவைக்கு நகைக்கடன் வாங்குகிற சங்கத்து ஆள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பாரா? கட்டணம் பற்றி நீடாமங்கலத்தார் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ரூட்சர்வர் ராசா:
கட்டணத்தில் எனக்கும் சண்டை இல்லை அக்கா. கேட்டைக் காட்ட வேண்டாம் என்பதில்தான் சண்டை. டாட் சாரிட்டி கதையைப் பாருங்கள். ஒரே பெயருக்கு இரண்டு கம்பெனி, இரண்டின் மீதும் பெல்லேயின் ஆட்சேபம், தீர்த்தவரும் ஒரே நிபுணர். உண்மையான அறக்கட்டளைகளுக்கு மட்டுமே தருவோம் என்று எழுதிக்கொடுத்த கம்பெனி தப்பியது, யாருக்கும் விற்போம் என்ற கம்பெனி மாட்டியது. கேடு என்னவென்று கேட்டதால்தானே இந்த வித்தியாசம் தெரிந்தது? அந்தச் சோதனையை எடுத்துவிட்டால் இரண்டுமே போயிருக்கும்.

வெண்ணாற்றங்கரை:
எழுதிக்கொடுத்ததை யார் கண்காணிப்பது? தண்ணீர் விடுகிறோம் என்று எழுதிக்கொடுத்த கதை நமக்குத் தெரியாததா?

கடைமடை காரைக்கால்:
இரண்டு பேருமே ஆற்றின் மேல்பக்கம் நின்று பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் ஒரே பெயரில் இரண்டு சங்கம், உடைந்த பிறகு இரண்டும் ஒரே லெட்டர்பேடு. கம்பெனி ஒன்றை விலைக்கு வாங்கினால், "சமூகம் ஆதரிக்கிறது" என்று ஒரு கடிதம், "எதிர்க்கிறது" என்று ஒரு கடிதம். பாரிஸில் இருக்கிறவர் எதை நம்புவார்? விதியில் முதலில் சேர்க்க வேண்டியது: ஆட்சேபிக்கும் சங்கம் எத்தனை வருடமாக இயங்குகிறது, பொதுக்குழுவில் தீர்மானம் போட்டதா, போட்டால் நிகழ்ச்சிப் பதிவேட்டின் நகல் எங்கே.

அரசலாறு அக்கா (கும்பகோணம்):
பதிவேடு கேட்டால் பாதிச் சங்கம் காணாமல் போகும். போகட்டும். ராசா, நீ சொல்லும் நாலாவது சோதனை இருக்கட்டும், ஆனால் சுமை இடம் மாறட்டும். சங்கம் நியாயமான அச்சத்தைச் சொன்னால் போதும், கேடு வராது என்று கம்பெனி காட்டட்டும். இரண்டு லட்சம் டாலர் கட்டுகிறவருக்கு அது பாரமா?

ரூட்சர்வர் ராசா:
எல்லா விண்ணப்பமும் கம்பெனி இல்லையே அக்கா. ஏழைத் தமிழ் அமைப்பு ஒன்று கட்டணச் சலுகையில் விண்ணப்பித்தால்? அதற்கும் இதே சுமையா?

வெண்ணாற்றங்கரை:
அதற்கும்தான். ஆற்றுப் பெயரைக் கேட்கிறவர் யாராக இருந்தாலும் அதுதான்.