ஐரிஷ் இலக்கியத்தில் பிஎச்டி: முதலில் நெட்டா, கைடா, தலைப்பா?

அரசலாறு:
ஊர் கும்பகோணம். எம்.ஏ. ஆங்கிலம், 61 விழுக்காடு. பி.சி. பிரிவு, வயது 29. பிஎச்டி முடித்துக் கல்லூரி ஆசிரியராக வேண்டும். ஐரிஷ் எழுத்தாளர் ஜேம்ஸ் ஜாய்ஸை வைத்து “ஜாய்ஸின் டப்ளினர்ஸ் கதைகளில் அடையாளச் சிக்கல்” என்று தலைப்பு யோசித்திருக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது? வெளியூரில் தங்கிப் படிக்க வசதியில்லை.

குடமுருட்டி:
முதலில் நெட், அதாவது கல்லூரி ஆசிரியர் பணிக்கும் பிஎச்டி சேர்க்கைக்குமான தேசியத் தகுதித் தேர்வு. தாள் ஒன்றில் 50 கேள்வி, இரண்டில் 100. 3 மணி நேரம், 300 மதிப்பெண். தப்புக்குக் கழிக்க மாட்டார்கள், ஒரு கேள்வியையும் விடாதீர்கள். அதில் முன்னிலை பெறுவோருக்கான ஆய்வு உதவித்தொகை (ஜே.ஆர்.எஃப்.) கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தங்கும் செலவு அதிலேயே அடங்கும்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் இடறுவது சான்றிதழில்தான். பள்ளியில் வாங்கிய பி.சி. சாதிச் சான்று இதற்குச் செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி படைத்த பிரிவில்) வராதவர் என்ற ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) சான்று வேண்டும். அது இல்லையென்றால் பொதுப் பிரிவில்தான் போட வேண்டியிருக்கும், ஜே.ஆர்.எஃபுக்கு 30 வயதோடு கதவு மூடிவிடும். சான்று இருந்தால் இன்னும் 5 ஆண்டு. இ-சேவை மையத்தில் இப்போதே மனுப் போடுங்கள்.

தாள் இரண்டில் நூல்களை வெளியான வரிசைப்படி அடுக்கச் சொல்வார்கள். ஆண்டுகளைத் தனித்தனியாக நெட்டுருப் போட்டால் நிற்காது. ஒரே ஆண்டு நூல்களைச் சேர்த்துப் படியுங்கள்: யுலிஸிஸ், தி வேஸ்ட் லேண்ட், ஜேக்கப்ஸ் ரூம் மூன்றும் 1922.

வெண்ணாறு:
தலைப்பை மாற்றுங்கள். “அடையாளச் சிக்கல்” எந்த எழுத்தாளருக்கும் ஒட்டும், அதனால் எதையும் சொல்லாது. இந்திய ஆய்வேடுகளைச் சேர்த்து வைத்திருக்கும் ஷோத்கங்கா தளத்தில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தாலே புரியும்.

டப்ளினர்ஸ் 15 கதைகள், புத்தகம் 1914. அதில் மூன்று கதைகள் 1904இலேயே ‘ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’ இதழில் வந்தவை. அது விவசாயக் கூட்டுறவு இயக்கத்தின் வார இதழ்! அந்த மூன்றில் ஒன்றான ‘தி சிஸ்டர்ஸ்’ முதல் பத்தியில் பாராலிசிஸ் (முடக்கம்), நோமன் (மூலை வெட்டிய இணைகரம்), சைமனி (திருச்சபைப் பதவியை விற்பது) என்ற மூன்று சொற்களைச் சுற்றித்தானே எல்லோரும் கட்டுரை எழுதுகிறார்கள்? இதழ் வடிவத்தில் அந்த மூன்று சொற்களும் கிடையாது, பிறகு சேர்த்தவை. குடியானவர் பத்திரிகைக்கு எழுதிய கதை புத்தகத்துக்கு ஏன் அப்படி மாறியது என்பது ஆய்வுக் கேள்வி. விமர்சனப் பதிப்புகள் சிலவற்றில் இதழ் வடிவம் பின்னிணைப்பாக இருக்கிறது. அதைக் கையில் வாங்கிய பிறகு சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதுங்கள். ஆற்றில் தண்ணீர் வருமா என்று பார்த்துத்தானே குறுவைக்கு நாற்று விடுகிறோம்.

ஜாய்ஸின் யுலிஸிஸ் நாவலைத் தொட்டால் பதிப்பில் கவனம். மேற்கோள் எண் 4.25 என்றிருந்தால் காப்லர் என்பவர் தொகுத்த பதிப்பில் நான்காம் அத்தியாயம், 25ஆம் வரி. மலிவு மறுபதிப்பில் அந்த வரியைத் தேடினால் கிடைக்காது. இன்னொரு ஐரிஷ் எழுத்தாளரான பெக்கெட் என்றால் பிரெஞ்சு தேவை. ‘வெயிட்டிங் ஃபார் கோடோ’ நாடகத்தை அவர் முதலில் எழுதியது பிரெஞ்சில்தான்.

வீரசோழன்:
கைடுக்கு (ஆய்வு நெறியாளருக்கு): பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி, ஒரு பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பிஎச்டி மாணவர்களுக்கு மேல் எடுக்க முடியாது. “இடம் காலியா” என்பதை முதலில் கேளுங்கள். பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் ஆய்வுத் துறை உள்ள கல்லூரிகளில் விசாரியுங்கள். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகமும் பக்கம்தான். பிஎச்டிக்குக் குறைந்தது 3 ஆண்டு, கோர்ஸ் ஒர்க் (பாடப் படிப்பு) குறைந்தது 12 கிரெடிட்.

பதிவு செய்யும் நிறுவனம் அரசுடையதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் தொடங்கிய, ஆய்விதழ்களுக்கு மொத்தமாகச் சந்தா கட்டும் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் அரசு நிறுவனங்களுக்கானது. ஆய்விதழ்களுக்குக் கைக்காசு போகாது.

கட்டுரை வெளியிட அவசரம் வேண்டாம். ஏற்கத்தக்க ஆய்விதழ்களைச் சொன்ன யுஜிசி-கேர் பட்டியல் 2025 பிப்ரவரியோடு நிறுத்தப்பட்டுவிட்டது. இன்னும் “கேர் அங்கீகாரம்” என்று சொல்லி, பணம் கட்டினால் மூன்று நாளில் போடுகிறோம் என்று மெயில் வந்தால் அழித்துவிடுங்கள்.

அரசலாறு:
நன்றி. ஜாய்ஸுக்குக் கைடு கிடைக்காமல் ஐரிஷ் கவிஞர் யேட்ஸ் என்றால்?

வெண்ணாறு:
தாராளமாக. ஆனால் அவர் அச்சேறிய கவிதைகளையும் திருத்திக்கொண்டே இருந்தவர். மேற்கோள் காட்டுவது எந்த ஆண்டு வடிவம் என்று குறிக்காவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுதான். 1957இல் வந்த வேரியோரம் பதிப்பில் எல்லாத் திருத்தமும் அடிக்குறிப்பாக இருக்கிறது.