நீச்சல் குளத்துக் கேட்டுக்கு முட்டுக்கொடுத்த ஐஸ் பெட்டி

டூங்காபி, சிட்னி

வீட்டில் நீச்சல் குளம் இருப்பவர்கள் தங்களுக்கு நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

போன ஜனவரி, மூத்தவளின் பிறந்தநாள். சின்னவனுக்கு இரண்டரை வயது. சாப்பாடு, நாற்காலி எல்லாம் குளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. கை நிறையப் பாத்திரத்தோடு ஒவ்வொரு முறையும் தானாக மூடிக்கொள்ளும் கேட்டின் கொண்டியைத் தூக்க முடியாமல், ஐஸ் பெட்டியை இழுத்து முட்டுக்கொடுத்தேன். ஐந்து நிமிடம்தானே என்று நினைத்தேன். அப்புறம் கேக் வெட்ட எல்லோரும் உள்ளே வந்துவிட்டோம். பெட்டி அங்கேயே இருந்தது. பிள்ளை என் கணவரிடம் இருக்கிறான் என்று நான். என்னிடம் இருக்கிறான் என்று அவர்.

நாத்தனார்தான் பார்த்தார். சின்னவன் தண்ணீரில் நிமிர்ந்தபடி, தலை பின்னால் சாய்ந்து, வாய் தண்ணீர் மட்டத்தில். கத்தவில்லை, கையைக் காலை அடிக்கவும் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்திருந்தால் விளையாடுகிறான் என்றுதான் நினைத்திருப்பேன். அவர் புடவையோடு குதித்துத் தூக்கினார். இருமினான், வாந்தி எடுத்தான், அழுதான். அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அவசர உதவிக்கு 000 அழைத்தோம். இரவு முழுதும் மருத்துவமனையில் வைத்துப் பார்த்து, காலையில் அனுப்பினார்கள்.

மூழ்கும் குழந்தை கத்தும் என்று நம்பியிருந்தேன். மூச்சுக்கே வழியில்லாத வாய் எப்படிக் கத்தும்?

இப்போது குளத்துக் கேட் திறந்தால், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒருவர் தலையில் சிவப்புத் தொப்பி இருக்க வேண்டும். கையில் போன் கூடாது. அவர் பாத்ரூம் போவதானாலும் தொப்பியை இன்னொருவருக்கு மாட்டிவிட்டுத்தான் போகலாம். 'எல்லோரும் பார்த்துக்கொள்கிறோம்' என்பதை நான் இனி ஏற்கமாட்டேன்.

பென்டில் ஹில்

அக்கா, படிக்கும்போதே கை நடுங்கியது. எங்கள் வீட்டில் கேட்டைத் திறந்து கட்டிவைத்தது ஊரிலிருந்து வந்திருந்த அம்மா. அது அடித்து மூடும் சத்தத்தில் பேத்தி தூக்கம் கலைகிறாள் என்று பழைய புடவைத் துண்டால் கட்டிவிட்டார். சட்டம், அபராதம் என்று ஏதேதோ சொன்னேன், எடுபடவில்லை. "அம்மா, நம் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் மாதிரிதான் இது. அதில் ஒரு பக்கத்தை இடித்துவிட்டுப் பிள்ளையை விளையாட விடுவாயா?" என்றேன். உடனே போய் அவிழ்த்தார். இப்போது வீட்டுக்கு வருகிறவர்களிடம் கேட்டை மூடச் சொல்வது அவர்தான்.

பிளாக்டவுன்

எங்களுக்கு வேலியில் குறையில்லை என்றே நினைத்திருந்தோம். வீட்டை வாடகைக்கு விட நீச்சல் குளத்துக்குச் சான்றிதழ் வேண்டுமே, அதற்கு வந்த பரிசோதகர் நேராகப் பூந்தொட்டியைத்தான் காட்டினார். நியூ சவுத் வேல்ஸில் வேலி 1.2 மீட்டர் உயரம் வேண்டும். பிள்ளை தொட்டிமேல் ஏறி நின்றால் அந்த உயரத்தில் என்ன மிச்சம்? வேலியை ஒட்டி 90 சென்டிமீட்டருக்குள் கால் வைத்து ஏற எதுவும் இருக்கக்கூடாது என்றார். தொட்டி, பார்பிக்யூ, சின்ன சைக்கிள் எல்லாவற்றையும் நகர்த்தினோம்.

அப்புறம் கேட்டை முழுக்கத் திறந்துவிட்டார், தானாக மூடிக் கொண்டி மாட்டிக்கொண்டது. ஒரு கை அகலம் மட்டும் திறந்துவிட்டார். கொண்டியில் இடித்து அப்படியே நின்றது. எங்கள் பக்கம் களிமண். வெயிலில் சுருங்கி மழையில் உப்பி, கம்பம் லேசாகச் சாய்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. கம்பத்தை நிமிர்த்தி, கீலின் ஸ்பிரிங்கை இறுக்கினோம். மாதம் ஒருமுறை இரண்டு விதமாகவும் விட்டுப் பாருங்கள்.

வென்ட்வொர்த்வில்

காற்றடைக்கும் பிளாஸ்டிக் நீச்சல் குளம் வைத்திருப்பவர்களும் கவனியுங்கள். 30 சென்டிமீட்டருக்கு மேல் தண்ணீர் நிரப்பக்கூடியது என்றால் இங்கே அதற்கும் வேலி வேண்டும். வாங்கும்போது எனக்குத் தெரியாது. இப்போது சின்னதுதான் வைத்திருக்கிறோம். அதையும் விளையாடி முடித்ததும் கவிழ்த்துவிடுகிறோம்.

டூங்காபி, மீண்டும்

அன்று அவனுக்கு மூச்சு இருந்தது. இல்லாதிருந்தால் என்ன செய்வதென்று அங்கிருந்த ஒருவருக்கும் தெரியாது. குளத்துப் பக்கத்தில் சிபிஆர் (மூச்சு நின்றவருக்குச் செய்யும் முதலுதவி) பலகை மாட்டியிருந்தோம், சட்டம் கேட்கிறது என்று. ஒருநாளும் நின்று வாசித்ததில்லை. பிறகு நானும் கணவரும் நாத்தனாரும் வகுப்புக்குப் போனோம். 30 முறை மார்பை அழுத்தி 2 முறை மூச்சுக் கொடுப்பதைப் பொம்மையில் செய்துபார்த்தபோது எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. சனிக்கிழமை பயிற்சியாளர் எங்கள் வீட்டுக்கே வருகிறார். இன்னும் நான்கு பேருக்கு இடம் இருக்கிறது. தாத்தா பாட்டிகளையும் அழைத்து வாருங்கள்; பகல் முழுதும் பிள்ளைகளோடு இருப்பது அவர்கள்தானே.