டெஸ்ட் கிட்டில் பூஜ்யம், பாறையெல்லாம் பாசி: ரீஃப் தொட்டிக்காரர்களின் அனுபவப் பகிர்வு

உப்புத்தொட்டி (சிங்கப்பூர்)

பவளமும் கடல்மீனும் வளர்க்கும் என் மூன்றடி ரீஃப் தொட்டிக்கு இரண்டு வயது முடிகிறது. கீழே வடிகட்டிகள் இருக்கும் சம்ப் தொட்டியோடு சேர்த்து 200 லிட்டர். இரண்டு கோமாளி மீன், ஒரு பிளென்னி, நான்கு கார்டினல். பவளத்தில் ஜோவாந்தஸ், மஷ்ரூம், ஒரு டார்ச், ஒரு ஹாமர். இந்த இரண்டு வருடத்தில், தொட்டியையே கலைத்துவிடலாம் என்று இரண்டு தடவை தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவை சத்து அதிகமாகி. இரண்டாவது தடவை சத்தே இல்லாமல். இரண்டாவதுதான் கொடுமை, அதை நானே வரவழைத்தேன்.

ஏழாவது மாதம் ரிட்டர்ன் குழாயின் வாயில் பச்சையாக ஒரு குஞ்சம் முளைத்தது. பார்க்க அழகாகக்கூட இருந்தது. மூன்றே வாரத்தில் பாறை தெரியவில்லை. பழைய டூத் பிரஷால் தேய்த்து, சைஃபனில் இழுத்து, வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதே முடிப்பாசி. பாசிக்குச் சத்தே இந்த இரண்டும்தான், ஆனால் டெஸ்ட் செய்தால் நைட்ரேட் பூஜ்யம், பாஸ்பேட் 0.00. அப்படியானால் இது எதைத் தின்று வளர்கிறது?

பந்தி முடிந்தபின் காலி அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டு, இன்றைக்குச் சமைக்கவே இல்லை போலிருக்கிறது என்று சொன்னால் எப்படி? அதைத்தான் நான் செய்தேன். தண்ணீரில் மிச்சமிருப்பதைத்தான் கிட் காட்டும். பாசி தின்று தீர்த்தது சோதனைக் குழாய்க்கு வராது. இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாஸ்பேட்டை உறிஞ்சும் ஜிஎஃப்ஓ, அந்தத் துருநிற இரும்புக் குருணை. பாக்கெட்டில் போட்டிருந்த அளவைப்போல் இரண்டு பங்கு போட்டேன். பத்தே நாளில் பாசி வெளுத்து உதிர்ந்தது. படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன்.

அப்புறம் டார்ச் சுருங்கியது. ஜோவாந்தஸ் மொட்டு மாதிரி மூடியது, திறக்கவே இல்லை. மூன்றாவது வாரம் மணல்மேல் பழுப்பாக, மூக்குச்சளி போல் இழை இழையாக ஒன்று. ஒவ்வொரு இழையின் நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ். காலையில் மணல் சுத்தமாக இருக்கும். விளக்கு எரிந்து நாலைந்து மணி நேரத்தில் மறுபடி போர்வை. புதுத் தொட்டிகளில் வருமே டயாட்டம் என்ற பழுப்புப் பாசி, அதுதான் தாமதமாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். பாசி மேய்வதற்காக விட்ட டர்போ நத்தைகள் ஒவ்வொன்றாகக் கவிழ்ந்து விழ ஆரம்பித்ததும்தான் பயம் வந்தது. ஐந்தில் நான்கு போய்விட்டன.

அந்தச் சளியைக் கொஞ்சம் ஒரு பாட்டிலில் எடுத்து, நன்றாகக் குலுக்கி, காபி ஃபில்டர் தாளில் வடிகட்டி, வடிந்த நீரை விளக்கடியில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் அது மறுபடி ஒன்றுசேர்ந்து இழையாகிவிட்டது. டயாட்டம் அப்படிச் செய்யாது. இது டைனோ, டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். பையனின் பள்ளி மைக்ராஸ்கோப்பில் 400 மடங்கில் பார்த்தால், புளியங்கொட்டையை ஒரு பக்கம் கூராக்கியது மாதிரி உயிர்கள். கூரான முனையைக் கயிற்றில் கட்டிவிட்டது போல அதே இடத்தில் சுற்றிச் சுற்றி ஆடின. ஆஸ்ட்ரியாப்சிஸ் என்ற வகை. நத்தைகளைக் கொன்றது அதன் விஷம்.

பாசியும் பாக்டீரியாவும் சத்துக்குப் போட்டி போடும்வரை இது தலைதூக்காது. நான் எல்லோரையும் பட்டினி போட்டேன், காலி இடத்தில் இது குடியேறியது. வைத்தியம் அப்படியே தலைகீழ்: குருணையை எடுத்துப்போட்டேன், தண்ணீர் மாற்றுவதை நிறுத்தினேன், நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் காசு கொடுத்து வாங்கிச் சொட்டுச் சொட்டாக ஊற்றினேன். எதை ஒழிக்கச் செலவு செய்தேனோ அதையே வாங்கச் செலவு. இந்த வகை டைனோ இரவில் மணலை விட்டு நீரில் மிதக்கும். அதனால் சம்பில் இருந்த, நீரோடு வரும் நுண்ணுயிரைக் கொல்லும் யூவி விளக்கை நேராகத் தொட்டியோடு இணைத்து இரவெல்லாம் ஓடவிட்டேன். ஆறு வாரம் ஆயிற்று.

இப்போது நைட்ரேட் 8 பிபிஎம், பாஸ்பேட் 0.06 அருகில் நிற்கிறது. பின்கண்ணாடியில் கொஞ்சம் பாசி உண்டு, பிளென்னி மேய்கிறது. நான் தொடுவதில்லை. உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

தண்ணிலாரி (சென்னை)

சார், என்னிடம் பவளம் கிடையாது. கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன; ராமேஸ்வரம் போனேன், கரையில் கிடந்தது, எடுத்து வந்தேன் என்ற கதையெல்லாம் வேண்டாம். மீனும் செயற்கைப் பாறையும்தான் வைத்திருக்கிறேன். ஆனால் பாசிக்கு என்ன தெரியும், அதுவும் வந்தது.

என் வில்லன் சமையலறை ஆர்ஓ. வீட்டுக்கு லாரித் தண்ணீர். ஆர்ஓ இருக்கிறதே என்ற தைரியத்தில் ஒரு வருடம் அதையே ஊற்றினேன். ஒரு நாள் சும்மா, தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 70. மெம்பிரேன் போய்விட்டது என்று நினைத்தேன். சர்வீஸுக்கு வந்த தம்பி சிரித்துக்கொண்டே பின்னால் ஒரு திருகைக் காட்டினார். குடிக்க ருசியாக இருக்க வேண்டுமென்று வடிகட்டாத தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு! மூடியதும் 12. அதற்குப் பின்னால், மிச்சத்தையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் குப்பி ஒன்று மாட்டினேன், 0.

மே மாதம் தினம் மூன்று லிட்டர் ஆவியாகிறது. ரசம் சுண்டினால் உப்பு கூடுகிற கதைதான். போவது தண்ணீர் மட்டும்; ஈடுகட்ட ஊற்றுகிற தண்ணீரில் இருப்பதெல்லாம் உள்ளேயே தங்கும். 70 என்றால் லிட்டருக்கு 70 மில்லிகிராம். மாதம் ஆறு கிராமுக்கு மேல் கண்டதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. எல்லாமே பாசிக்கு உரம் இல்லைதான், ஆனால் அதில் எவ்வளவு உரம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

உங்களிடம் ஒரு கேள்வி: முதல் தடவை உங்கள் தொட்டிக்குச் சத்து எங்கிருந்து வந்தது? அதைச் சொல்லவே இல்லையே.

பனிக்கடல் (ஸ்கார்பரோ)

அண்ணை, நான் வொட்கா ஊற்றின ஆள். சிரிக்காதேங்கோ, கனபேர் செய்கிற வேலைதான். பாக்டீரியாவுக்குக் கார்பன் கிடைத்தால் அது பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உள்ளே இழுக்கும், அந்தப் பாக்டீரியாவை ஸ்கிம்மர், நுரையோடு அழுக்கை வழித்தெடுக்கிற கருவி, வெளியே எடுக்கும். கணக்கு சரிதான். பொறுமைதான் எனக்கு இல்லை. ஒரு மில்லியில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்ட வேண்டியதை, நாலாம் நாளே ஆறு மில்லி ஆக்கினேன்.

விடிய எழும்பிப் பார்த்தால் தொட்டி முழுக்கப் பால். மீன்களெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாக்டீரியா பெருகி ஒட்சிசன் முழுவதையும் குடித்துவிட்டது என்று அப்போதுதான் விளங்கியது. ஸ்கிம்மரை முழுவேகத்தில் விட்டு, இரண்டு காற்றுக்கல் போட்டு, வேலைக்கும் போகாமல் முன்னால் இருந்தேன். ஒரு மீனைத் தவிர மற்றதெல்லாம் தப்பின. மனிசி ஒன்றும் சொல்லவில்லை; மிச்சப் போத்தலை எடுத்து அலுமாரியில் வைத்துப் பூட்டினா.

இப்போது வெள்ளை வினிகர்தான். ஒரு மில்லி வொட்காவுக்கு ஏறத்தாழ எட்டு மில்லி வினிகர் சமம். காலையில் விளக்கு எரிந்த பிறகு, சம்பில் சொட்டு சொட்டாக.

இறகுப்பாசி (கோவை)

சுருக்கமாகச் சொல்கிறேன். முடி மாதிரி இல்லாமல் குட்டிக் குட்டிப் பறவை இறகு மாதிரி கிளை விட்டிருந்தால் அது பிரையாப்சிஸ். பிடுங்கினால் அறுந்து, விழுந்த இடத்தில் முளைக்கும். பட்டினி போட்டும் போகவில்லை. ஃபுளூகொனசோல், பூஞ்சைக்குக் கொடுக்கும் அதே மாத்திரை, லிட்டருக்கு 5 மில்லிகிராம் கணக்கு. என் 150 லிட்டருக்கு 150 மில்லிகிராம் மாத்திரை ஐந்து. வடிகட்டியில் கரி (ஆக்டிவேட்டட் கார்பன்) இருந்தால் எடுத்துவிட்டுப் போடுங்கள், இல்லையென்றால் மருந்தை அதுவே தின்றுவிடும். இரண்டு வாரத்தில் வெளுத்தது. மருந்துக்கடையில் சீட்டு கேட்டார்கள். பாசிக்கு யாரிடம் சீட்டு வாங்குவது? தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் காப்பாற்றினார்.

உப்புத்தொட்டி (சிங்கப்பூர்)

தண்ணிலாரி சார், சரியாகப் பிடித்துவிட்டீர்கள். கொஞ்சம் என் தப்பு: மீனுக்குப் போடும் உறைந்த மைசிஸ் (குட்டி இறால் மாதிரி) கட்டியைக் கரைத்த சாற்றோடு அப்படியே ஊற்றுவேன். இப்போது டீ வடிகட்டியில் போட்டு அலசிவிட்டுத்தான் போடுகிறேன். சம்பில் ஒரு பெட்டி ஒதுக்கி, சத்தை உறிஞ்சட்டும் என்று கீட்டோ என்ற பாசியை வளர்க்கிறேன், அதற்கு இரவில் மட்டும் விளக்கு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி பிய்த்துக் குப்பையில் போடும்போது, அவ்வளவு நைட்ரேட் வெளியே போகிறது என்று ஒரு திருப்தி.

ஆனால் பெரிய பங்கு அது இல்லை. அந்த ஏழாவது மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். கோமாளி மீனைத் தெரியும்தானே, யார் கடந்து போனாலும் கண்ணாடியோரம் வந்து உடம்பை ஆட்டும். அம்மா கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் "வாயில்லா ஜீவன், பசிக்குதுடா" என்று ஒரு சிட்டிகை தீனி. காபிக்கு முன்னால் ஒன்று, சீரியல் இடைவேளையில் ஒன்று. மூன்று மாதம் வர வேண்டிய டப்பா மூன்று வாரத்தில் காலியானதை நான் கவனிக்கவே இல்லை. அம்மா கவனித்து, முஸ்தஃபா கடைக்குப் போனபோது கண்ணில் பட்ட மீன் தீனியில் இன்னொரு டப்பா வாங்கி வைத்திருந்தார்.

இப்போது வீடியோ காலில் பேரனைப் பார்த்து முடித்ததும் போனைத் தொட்டிப் பக்கம் திருப்பச் சொல்வார். போன வாரமும் பார்த்துவிட்டு, "என்னடா இப்படி இளைச்சுப் போச்சு?" என்றார்.