பாகான் பாட்டி வீட்டுப் பட்டாளம்: டிசம்பர்ல மிரிஸ்ஸ

வெள்ளி, இரவு 8:41

கவிதா: 📷 படம்

கவிதா: எல்லாரும் பாருங்க. ஸ்கூல் லீவுக்கு ஸ்ரீலங்கா பேக்கேஜ். கண்டி, காலி, கடைசியா மிரிஸ்ஸல படகுல போயி நீலத் திமிங்கிலம் பார்க்கிறது. ஏஜென்ட் சீக்கிரம் பதில் கேக்கறாரு

சரசு அத்தை: நடுக்கடலுக்கா? எனக்குப் பினாங்கு பெரிப் படகுலயே தலை சுத்தும்

பிரகாஷ்: அத்தை, பெரி நகர்றதே தெரியாது 😂

சரசு அத்தை: ஒனக்குத் தெரியாதுடா. எனக்குத் தெரியும்

முரளி: அவ்ளோ தூரம் எதுக்கு, பிரிஸ்பன் வாங்க. நம்ம வீட்லேர்ந்து காடில நாலு மணி நேரத்துல ஹார்வி பே. ஹம்ப்பேக் திமிங்கிலம் படகுக்குப் பக்கத்துலயே வந்து எட்டிப் பார்க்கும்

யாழினி: டிசம்பர்ல எதைக் காட்டுவீங்க அண்ணே? எல்லாம் அன்டார்டிக்கா பக்கம் சாப்பிடப் போயிருக்கும். உங்க பக்கம் சீசன் நவம்பரோட சரி

முரளி: ஜூலைல வாங்கன்னுதானே வருசா வருசம் கத்தறேன். இன்னொன்னு கேளு. இங்க டங்கலூமான்னு ஒரு ரிசார்ட் இருக்கு, சாயந்திரம் டால்பினுக்கு மீன் குடுப்பாங்க. அந்த இடம் 1962 வரைக்கும் திமிங்கிலம் வெட்டுற ஸ்டேசன். அப்போ இந்தக் கிழக்குக் கரைல சில நூறுதான் மிச்சம். இப்போ 40,000 தாண்டிருச்சு. 2022-ல அழிவு ஆபத்துப் பட்டியல்லேர்ந்தே எடுத்துட்டாங்க

பிரகாஷ்: கொல்றத நிறுத்தினா போதும்போல

யாழினி: ஹம்ப்பேக்குக்கு அது போதுச்சு. நீலத் திமிங்கிலம் இன்னும் அழிவு ஆபத்துப் பட்டியல்லதான் கிடக்கு. உலக அளவுல வணிக வேட்டைக்குத் தடை வந்து 1986-லேர்ந்து எத்தனை வருசம் ஆச்சு பாருங்க

கவிதா: ஜூலைல யாருக்கும் லீவு கிடைக்காது. மிரிஸ்ஸ டிசம்பர்ல சரியா வருமா, அத மட்டும் சொல்லு யாழி

யாழினி: சரியா வரும்க்கா. தெற்குக் கரைல நவம்பர் கடைசிலேர்ந்து ஏப்ரல் வரைக்கும்தான் கடல் அடங்கியிருக்கும். மே வந்துட்டா தென்மேற்குப் பருவக்காத்து, படகு எறக்க முடியாது. அப்போ திருகோணமலைப் பக்கம் போவாங்க

யாழினி: ஆனா அந்த விளம்பரத்தக் கொஞ்சம் பெரிசாக்கிப் பாருங்க

கவிதா: என்ன?

யாழினி: கீழ பச்சை எழுத்துல "அழிந்துவரும் திமிங்கிலங்களைக் காப்போம்". மேல படத்துல ஒரே ஒரு வாலு, அதச் சுத்தி ஏழு படகு. வலது ஓரத்துல ஒன்னு மூக்கத் தூக்கிட்டு நேரா அது மேலயே பாயுது, பின்னால நுரை தெரியுது பாருங்க

முரளி: 😳 ஆமா

யாழினி: திமிங்கிலம் தண்ணிக்கு மேல வர்றதே மூச்சு விடத்தான். சில தடவ மூச்சு விட்டுட்டு முங்கிரும். அந்த நேரத்துல வளைச்சா அரைகுறையா மூச்சு வாங்கிட்டு உள்ள ஓடும். ஸ்ரீலங்கால 2012-லயே சட்டம் போட்டாச்சு, படகு 100 மீட்டர் தள்ளி நிக்கணும்னு. இதுல "திமிங்கிலத்தோடு நீந்தலாம்"னு வேற போட்டிருக்கான். 100 மீட்டர் தள்ளி நின்னு யாரோட நீந்துறது?

கவிதா: கவின் அந்த நீச்சல பார்த்துட்டுத்தான் குதிக்கிறான் 🤦‍♀️

பிரகாஷ்: படகுக்காரன மட்டும் திட்டாதீங்க. அவன் விரட்டுறான், சரி. சாகடிக்கிறது எங்க ஆளுங்க

கவிதா: எந்த ஆளுங்க?

பிரகாஷ்: கப்பல்

பிரகாஷ்: பினாங்கு ஃபேக்டரி சாமான நாங்க பட்டர்வொர்த்துல ஏத்தறோம்லா. பீடர்ல, அதான் சின்னக் கப்பல்ல, கிள்ளான் துறைமுகம் போகுது, அங்க பெரிய கப்பலுக்கு மாறுது. ஐரோப்பா போற கப்பல் மலாக்கா நீரிணைய விட்டு வெளிய வந்து, ஆச்சே முனையத் தாண்டி நேரா மேற்கால போயி ஸ்ரீலங்காவோட தெற்கு நுனிய ஒரசிட்டுத் திரும்பும். தேவேந்திரமுனை. மிரிஸ்ஸ பக்கத்துலதான். மூணு நாள் ஓட்டம்

பிரகாஷ்: நம்ம நீரிணைல வருசத்துக்கு 80,000 கப்பலுக்கு மேல. அதுல சூயஸ் போறதெல்லாம் அந்த நுனிலதான் திரும்பணும். அங்கதான் கரையை ஒட்டியே ஆழம், அதனால திமிங்கிலமும் அங்கயே மேயுது

முரளி: ஒதுங்கிப் போகாதா? கப்பல் சத்தம் கேக்குமே

யாழினி: நீலத் திமிங்கிலத்துக்குப் பயந்து ஓடத் தெரியாது அண்ணே. கப்பல் பக்கத்துல வந்தப்புறம் மெதுவா கொஞ்சம் கீழ எறங்கும், அவ்ளோதான். என்ஜின் பின்னால இருக்கிறதால மூக்குக்கு நேர் முன்னால சத்தமும் குறைச்சல்

பிரகாஷ்: பிரிட்ஜ்ல நிக்கிறவனுக்கும் மூக்குக்கு அடில என்ன நடக்குதுன்னு தெரியாது. 2012-ல ஒரு கன்டெய்னர் கப்பல் கொழும்புத் துறைமுகத்துக்குள்ள வந்துச்சு, மூக்குல ஒரு நீலத் திமிங்கிலம் செத்துக் குறுக்கால தொங்கிட்டு. படம் நெட்ல இருக்கு. இங்க போடமாட்டேன், புள்ளைங்க பாக்கும்

சரசு அத்தை: முருகா

யாழினி: அது கரை வரைக்கும் ஒட்டிக்கிட்டு வந்ததால தெரிஞ்சது. முங்கிப் போறத யாரு எண்ணுறா

பெரியப்பா: பிள்ளைகளே, ஒரு செய்தி. 1892-இல் நம் மலாக்கா அருகே ஒரு திமிங்கிலம் கரை ஒதுங்கியது. 42 அடி நீளம். அதன் எலும்புக்கூட்டை சிங்கப்பூர் ராபிள்ஸ் அருங்காட்சியகத்தில் கூரையிலிருந்து தொங்கவிட்டிருந்தார்கள். அப்பா என்னையும் சரசுவையும் ரயிலில் அழைத்துச் சென்று காட்டினார். சரசு அதன் கீழே நடக்க மறுத்து வாசலிலேயே நின்றுவிட்டாள். 1974-இல் அதை நம் நாட்டு மியூசியத்திற்குக் கொடுத்துவிட்டார்கள். இப்போது லாபுவானில் உள்ளது.

சரசு அத்தை: அண்ணே அதெல்லாம் இப்ப எதுக்கு

பிரகாஷ்: 😂😂 அத்தைக்கு அப்பவே ஆகாது

யாழினி: சிங்கப்பூர்ல இப்ப வேற ஒன்னு வச்சிருக்காங்க பெரியப்பா. 2015-ல ஜூரோங் தீவுப் பக்கம் செத்து மிதந்த எண்ணெய்த் திமிங்கிலம். முதுகுல ஆழமா வெட்டு, கப்பல் அடிச்சதுதான். வயித்துல பிளாஸ்டிக் கப்பும் இருந்துச்சு

கவிதா: ஐயோ போதும். இதுக்கு வழியே இல்லியா பிரகாஷ்?

பிரகாஷ்: இருக்குக்கா, அதான் கடுப்பு. அந்த எடத்துல பாதைய 15 கடல் மைல் தெற்கால தள்ளினா மோதுற வாய்ப்பு 95 சதவீதம் குறையும்னு ஆராய்ச்சி பண்ணி எழுதிட்டாங்க. கூட ஓடறது சில மைல்தான். எம்எஸ்சின்னு பெரிய கப்பல் கம்பெனி, 2022-லேர்ந்து தானாவே தள்ளிப் போறாங்க. எல்லாருக்கும் கட்டாயமாக்கணும்னா ஸ்ரீலங்கா அரசாங்கம் ஐஎம்ஓகிட்ட, அதான் ஐநாவோட கப்பல் அமைப்புகிட்ட, கேக்கணும்

பிரகாஷ்: எங்க ஆபீஸ்ல ரேட் என்ன, எத்தனை நாள்ல போகும், ரெண்டே கேள்விதான். எந்தப் பக்கமா போறீங்கன்னு ஒரு கஸ்டமரும் கேட்டதில்ல. நானும் கேட்டதில்ல, அது வேற விசயம்

முரளி: திங்கக்கிழமை கேளு

பிரகாஷ்: கேப்பேன். சிரிப்பாங்க, பரவால்ல

சரசு அத்தை: அது என்னத்தச் சாப்பிடும், அவ்ளோ பெரிய உருவம்?

யாழினி: அத்தை இத நீங்க கேக்கணும்னுதான் காத்திட்டு இருந்தேன். மத்த எடத்துல கிரில்னு இறால் மாதிரி ஒரு பொடி உயிர். ஸ்ரீலங்காவுல அதிகம் திங்கிறது வேற பொடி இறால். நீங்க பெலாச்சானுக்கு, அந்த இறால் விழுதுக்கு, வாங்குற கெராகாவ் பொடி இறால் இருக்கே, அதே குடும்பம்

சரசு அத்தை: நெசமாவா!!

யாழினி: நெசம். 2003-ல ஆஷா டி வோஸ்னு ஒரு ஸ்ரீலங்கா ஆராய்ச்சியாளர் அங்க கடல்ல நீலத் திமிங்கிலக் கூட்டத்தப் பார்த்தாங்க. பக்கத்துல செக்கச்செவேல்னு கழிவு மிதந்திருக்கு. அது வரைக்கும் புத்தகத்துல என்னன்னா, இதுங்க குளிர்ப் பிரதேசத்துக்குப் போயித்தான் சாப்பிடும், வெப்பக் கடலுக்குக் குட்டி போடத்தான் வரும்னு. கழிவு இருந்தா சாப்பாடு இருக்குன்னுதானே அர்த்தம். அந்தத் திமிங்கிலங்க துருவத்துக்கே போறதில்ல, வருசம் பூரா இந்தப் பக்கமே சுத்துதுங்க

கவிதா: சாப்பிடுற நேரத்துல இந்த மெசேஜா 🤢

சரசு அத்தை: நல்ல கெராகாவ் கிடைச்சா நான்கூட எங்கயும் போகமாட்டேன்

இரவு 9:50

கவிதா: சரி முடிவுக்கு வாங்க. போறமா வேணாமா? இவ்ளோ கேட்டப்புறம் எனக்கே ஒரு மாதிரி இருக்கு

பெரியப்பா: போங்கள். ஆனால் யாழினி சொல்லும் படகில் போங்கள்.

யாழினி: போகணும்க்கா. பார்க்க வர்ற ஆளுங்க பணம் இல்லன்னா அந்த ஊருல திமிங்கிலத்தப் பத்தி யாரு கவலப்படுவா? அந்தப் பேக்கேஜ்ல படகு மட்டும் வேணாம்னு சொல்லிடுங்க, நாம தனியா பிடிப்போம். வெல கொஞ்சம் கூடத்தான் இருக்கும்

கவிதா: என்ன கேட்டு எழுதறது? நீயே எழுதிக் குடு

யாழினி: "100 மீட்டருக்கு முன்னால வேகத்தைக் குறைப்பீர்களா? ஏற்கனவே நாலைந்து படகு நிற்கும் இடமென்றால் போகாமல் விலகுவீர்களா? படகில் விவரம் சொல்ல ஆள் உண்டா? திமிங்கிலம் தென்படாவிட்டால் என்ன செய்வீர்கள்?" கடைசிக் கேள்விக்கு "கண்டிப்பா காட்டிருவோம்"னு பதில் வந்தா அந்தப் படகு வேணாம். அவன்தான் விரட்டுவான்

முரளி: அது பாயிண்ட்

சரசு அத்தை: நீங்க போங்க. நான் ரூம்ல இருக்கேன்

பெரியப்பா: சரசு, ரூமில் எதற்கு? தேவேந்திரமுனை பக்கத்தில்தான். அங்கே தொண்டேச்சரம் என்னும் பெரிய கோயில் வளாகம் இருந்தது. 1588-இல் போர்த்துக்கீசியர் இடித்துவிட்டார்கள். இப்போது விஷ்ணு கோயில் இருக்கிறது. ஸ்ரீலங்காவிலேயே உயரமான கலங்கரை விளக்கமும் அங்கேதான். நானும் வருகிறேன்.

சரசு அத்தை: அப்ப சரி. வேன் எடுத்துக்கலாம். லைட்ஹவுஸ் ஏறச் சொல்லக்கூடாது

பிரகாஷ்: ஏறலன்னாலும் கரைலேர்ந்தே கப்பல் தெரியும் அத்தை. எங்க சாமான் போகுதான்னு பாருங்க

கவிதா: நாளைக்கு ஏஜென்ட்கிட்ட பேசறேன், படகு இல்லாம என்ன வெலன்னு. எல்லாரும் பாஸ்போர்ட் படம் போடுங்க. பெரியப்பா, உங்களுது எப்ப முடியுது?

பெரியப்பா: மார்ச்.

கவிதா: ஆறு மாசம் இருக்கணுமே. பிரகாஷ், திங்கக்கிழமை இமிகிரேசனுக்கு நீ கூட்டிட்டுப் போ

பிரகாஷ்: காலைல ஏழு மணிக்கு ரெடியா இருங்க பெரியப்பா, வரிசை நீளமா இருக்கும்

பெரியப்பா: 👍