ப்ளூ நோட் அட்டைகள்: எழுத்தை மட்டும் வைத்து எப்படிச் சாதித்தார்கள்?

வட்டத்தட்டு:
ப்ளூ நோட் என்ற அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, சாக்ஸபோன் கலைஞர் ஜாக்கி மெக்லீனின் 'இட்ஸ் டைம்!' எல்பி இசைத்தட்டின் அட்டையைப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? 1964-ல் பதிவானது. அட்டை முழுக்க வரிசை வரிசையாக ஆச்சரியக்குறிகள்தான். வாசித்தவரின் படம் தபால்தலை மாதிரி மேலே ஒதுங்கியிருக்கிறது. முகத்தைப் பெரிதாகப் போட்டால்தான் விற்கும் என்று அட்டை செய்து தரச் சொல்லி என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். இந்த அட்டையை வடிவமைத்த ரீட் மைல்ஸ் எப்படித் துணிந்தார்? ஒரு தமிழ் ஆல்பத்துக்கு எழுத்தை வைத்தே அட்டை செய்ய ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?

கருப்புமை:
முதலில் காசைப் பாருங்கள். ஓர் அட்டைக்கு மைல்ஸுக்குக் கிடைத்தது ஐம்பது டாலர் அளவில்தான். அச்சுக்கு ஒரு வண்ணம், மிஞ்சினால் இரண்டு. கறுப்பு வெள்ளைப் படமும் கூட ஒரு வண்ணமும் போக, மீதி வேலையெல்லாம் எழுத்தின் தலையில் விழுந்தது.

நான் ஸ்க்ரீன் பிரிண்டிங் செய்கிறவன். கையில் இரண்டே மை இருந்தால், இரண்டாவதை எங்கே தொடுவது என்று ரொம்ப யோசிப்போம். சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெய்ன்' அட்டையில் படமே நீலத்தில் தோய்ந்திருக்கும். உதட்டருகே கையை வைத்து அவர் ஏதோ யோசனையில் இருக்கிறார். அந்த நீலம் போதும், எழுத்து கத்த வேண்டியதில்லை.

மெக்லீன் அட்டையில் நேர்மாறு. ஒரே ஒரு ஆச்சரியக்குறி என்றால் சத்தம்; அதையே வரிசையாக அடுக்கினால் தாளம். டிரம்ஸில் சிம்பல் விடாமல் விழுவதைப்போலக் கண் அதைத் தொடர்ந்துகொண்டே போகும்.

ஒளிச்சட்டம்:
ப்ளூ நோட்டின் புகைப்படக்காரர் பிரான்சிஸ் வுல்ஃபை மறந்துவிடாதீர்கள். நியூஜெர்சியில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில், பதிவு நடக்கும்போதே ஃபிளாஷ் அடித்து எடுத்த படங்கள் அவருடையவை. பின்னணி இருட்டிவிடும், முகமும் வாத்தியமும் மட்டும் நிற்கும். அப்படி இருந்ததால்தான் மைல்ஸ் இஷ்டத்துக்கு வெட்ட முடிந்தது. நெற்றியோடு நறுக்கிவிடுவார், வுல்ஃபுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. படம் எடுப்பவன் என்ற முறையில் வுல்ஃபின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் அட்டையாகப் பார்க்கும்போது மைல்ஸ் பக்கம்தான் நியாயம்.

வட்டத்தட்டு:
மைல்ஸுக்கு ஜாஸில் பெரிய ஈடுபாடே இல்லை என்கிறார்களே, உண்மையா?

கருப்புமை:
உண்மைதான். அவர் விரும்பிக் கேட்டது மேற்கத்திய செவ்வியல் இசை. ப்ளூ நோட் நிறுவனத்தைத் தொடங்கிய ஆல்ஃப்ரெட் லயன், ஆல்பம் எப்படிப்பட்டது என்று வாயால் சொல்வார். அதை வைத்துத்தான் வேலை. இதை நான் குறையாகவே நினைக்கவில்லை. இசையை விளக்கப் போகாமல் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபியின் 'அவுட் டு லஞ்ச்' (சாப்பிடப் போயிருக்கிறார்) பாருங்கள்: கடைக்கதவில் தொங்கும் 'திரும்பி வருவோம்' அறிவிப்பு, அதிலுள்ள கடிகாரத்தில் ஏகப்பட்ட முட்கள், ஆளுக்கொரு திசையில். எப்போது வருவார் என்று சொல்லவே முடியாது. டால்ஃபி வாசிப்பதும் அப்படித்தானே!

சரி, உங்கள் அட்டைக்கு வருவோம். ஆங்கிலப் பெரிய எழுத்துகள் எல்லாம் ஒரே உயரம், அதனால் மைல்ஸ் வரிகளை ஒட்டி ஒட்டி அடுக்கினார். தமிழில் கி, கீ மேலே வளையும். மு, கூ கீழே இறங்கும். வரியை நெருக்கினால் முட்டிக்கொள்ளும். எந்தெந்த எழுத்து எங்கே முட்டுகிறது என்று முதலில் பென்சிலால் எழுதிப் பாருங்கள். ஒரு சுழி அழகாக இருந்தால் அதையே அட்டை அளவுக்குப் பெரிதாக்கலாம், முகமே தேவைப்படாது. எழுத்துரு ஒன்றே ஒன்று போதும். வண்ணத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் கறுப்பில் மட்டும் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பென்சில் படத்தை இங்கே போட்டால் நானும் பார்த்துச் சொல்கிறேன்.